பத்துக்குப் பத்து: போச்சம்பள்ளி மண்ணில் முதல் காய்கறித் தோட்டம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளி வட்டாரத்துக்குக் கன்று வளர்ப்பது புதிய தொழில் அல்ல. மா ஒட்டுக் கன்றுக்குச் சந்தூரையும் தென்னங்கன்றுக்கு அரசம்பட்டியையும் தேடி வெளி மாவட்டத்துக்காரர்கள் வண்டியோடு வருகிறார்கள். ஆனால் இதே ஊர்களில் பல வீடுகளுக்குக் கீரையும் வெண்டைக்காயும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைப் பையில்தான் வந்து சேர்கின்றன. நிலம் உள்ளவர்கள் மா, தென்னை என்று பெரும் பயிருக்குப் போய்விட்டார்கள். இளையவர்கள் போச்சம்பள்ளி, பர்கூர் சிப்காட் ஆலைகளுக்கு ஷிஃப்ட் போகிறார்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கால் சென்ட், அரை சென்ட் இடத்தில் மிச்சச் செங்கல் அடுக்கியிருக்கிறது, துணி காய்கிறது.

அந்த இடத்தில் பத்தடிக்குப் பத்தடி எடுத்து, இதற்கு முன் மண்வெட்டி பிடிக்காதவரும் ஒரு பருவத்துக்குள் சமைக்கத் தகுந்த காய் பறிப்பது எப்படி என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது. முதல் தோட்டம் வைப்பவர்கள் விதையில் தொடங்குகிறார்கள். நீங்கள் மண்ணில் தொடங்குங்கள். முதல் வருடத்துச் செலவிலும் உழைப்பிலும் பாதிக்கு மேல் மண்ணுக்குப் போகட்டும். மண் தேறிவிட்டால் விதைத் தேர்வில் சிறு பிழை இருந்தாலும் செடி தாங்கும். மண் தேறாத இடத்தில் விலை கூடிய வீரிய விதையும் சவலையாகத்தான் நிற்கும்.

எவ்வளவு இடம் போதும்?

நூறு சதுர அடி போதும். இந்த அளவுக்குக் காரணம் தண்ணீர். வெயில் காலத்தில் காய்கறிச் செடிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீர் வேண்டும். ஒரு மில்லிமீட்டர் என்பது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். நூறு சதுர அடி என்பது 9.3 சதுர மீட்டர். ஆக, நாளுக்கு 46 லிட்டர், அதாவது மூன்று குடம். வேலைக்குப் போகும் ஒருவர் காலையில் இருபது நிமிடத்தில் ஊற்றிவிடலாம். முதல் தடவையே ஒரு சென்ட் முழுவதையும் கொத்திவிட்டால் தேவை பன்னிரண்டு, பதின்மூன்று குடமாகிவிடும்; அதோடு களையும் நாலு மடங்காகும். ஆர்வத்தோடு தொடங்கிய பல தோட்டங்கள் மூன்றாம் மாதம் புல்லடைந்து போவது இதனால்தான்.

இடம் தேர்ந்தெடுத்தல்

வெயில்: காய் காய்க்க ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். விடுமுறை நாள் ஒன்றில் காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நாலு என மூன்று வேளையும் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். நாலு மணி நேர வெயில்தான் கிடைக்கிறது என்றால் கீரை, புதினா, கொத்தமல்லியோடு நின்றுகொள்ளுங்கள்.

மரம்: தென்னை, வேம்பு, புங்கன் இவற்றின் அடியை விட்டு விலகுங்கள். தென்னையைச் சுற்றி ஆறேழு அடிக்கு வேர் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். நீங்கள் போடும் எருவை முதலில் எடுப்பது தென்னையாகவே இருக்கும்.

தண்ணீர்: குழாயிலிருந்து இருபதடிக்குள் தோட்டம் இருக்கட்டும். குடம் தூக்கும் தூரம் கூடக் கூடத் தண்ணீர் ஊற்றும் நாள் குறையும்.

கழிவு: கழிப்பறைத் தொட்டியை ஒட்டிய இடம் வேண்டாம். வாகனம் கழுவி எண்ணெய் சிந்திய இடம், பிளாஸ்டிக் குப்பை எரித்த இடம் ஆகியவையும் கூடாது.

மண்ணைப் பார்த்தல்

இந்தப் பக்கத்து மண் பெரும்பாலும் செம்மண். சரளை கலந்தது, ஆழம் குறைந்தது. நீர் சீக்கிரம் வடியும். ஆகவே வேர் அழுகல் குறைவு. மக்கும் பொருள் குறைவாக இருப்பதால் சத்தும் ஈரமும் தங்காது. இந்த ஒரு குறையைத்தான் நாம் சரி செய்யப் போகிறோம்.

புது வீடு என்றால் இன்னொரு சங்கடம் உண்டு. ஆழ்துளைக் கிணறு போட்டபோது வெளியே வந்த கல்மாவுச் சேறு பின்பக்கத்தில் கொட்டிக் காய்ந்து இறுகிக் கிடக்கும். அதன் மேல் சிமெண்ட் பூச்சுத் துகள், ஜல்லி, உடைந்த டைல்ஸ் சேர்ந்திருக்கும். அந்தப் படலத்தின் மேல் எரு போட்டுப் பயனில்லை. கடப்பாரையால் பெயர்த்து, அடியில் சிவந்த மண் தெரியும் வரை வாரி வெளியேற்றுங்கள். பள்ளம் விழுந்தால் ஒரு வண்டி மேல்மண் வாங்கி நிரப்புங்கள்.

பிறகு இரண்டு சோதனைகள்.

முதலாவது, குழிச் சோதனை. ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் தடவை ஊற்றியது மூன்று, நாலு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் வடிகால் சரியாக இருக்கிறது. மறுநாளும் நின்றால் பாத்தியை முக்காலடி உயர்த்திப் போட வேண்டும்.

இரண்டாவது, பாட்டில் சோதனை. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர் விட்டுக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று படியும். மணல் முக்கால் பங்கு இருந்தால் எருவையும் மூடாக்கையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

உப்பு, கார அமிலத்தன்மை தெரிய வேண்டுமானால் மண் பரிசோதனைதான் வழி. நாலைந்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ துணிப்பையில் கட்டுங்கள். எங்கே கொடுப்பது என்பதை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளலாம். எலுமிச்சங்கிரியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையமும், காவேரிப்பட்டணத்தை அடுத்த பையூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் இந்த மாவட்டத்திலேயே இருக்கின்றன. காய்கறித் தோட்டத்துக்காக என்று தயங்க வேண்டாம், கேட்கப் போகலாம்.

மண்ணுக்குச் சோறு

கோடை மழை பெய்த மறுநாள், வைகாசியில், அந்த நூறு சதுர அடியையும் கொத்திவிட்டுக் காராமணியோ சணப்பையோ நெருக்கமாக விதையுங்கள். இரண்டும் பயறு வகை. வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். பூவெடுக்கும் சமயம், நாற்பது, நாற்பத்தைந்து நாளில், செடியைப் பிடுங்கித் துண்டாக்கி மண்ணோடு கொத்திவிடுங்கள்; இதுதான் பசுந்தாள் உரம். மக்க இரண்டு வாரம் கொடுங்கள். மழை தவறிப் புரட்டாசியில்தான் தொடங்க முடிகிறது என்றால் கொள்ளு விதைக்கலாம். கிருஷ்ணகிரி மானாவாரிக் காட்டுக்குப் பழகிய பயிர் அது; பையூர் நிலையமே கொள்ளில் தனி ரகங்கள் வெளியிட்டிருக்கிறது.

அடுத்தது எரு. நூறு சதுர அடிக்கு நன்றாக மக்கிய சாணி எரு 50 கிலோ, அதாவது இரண்டு சாக்கு, முதல் தடவைக்கு வேண்டும். அடுத்தடுத்த பருவங்களுக்கு 25 கிலோ போதும். கையில் அள்ளினால் சூடு இருக்கக் கூடாது, சாணி வாடை வரக் கூடாது, மண்வாசம் வர வேண்டும். பச்சைச் சாணியைப் போட்டால் வேர்ப்புழுவும் கரையானும் கூடவே வரும். வேப்பம் புண்ணாக்கு இரண்டு கிலோ தூளாக்கி எருவோடு கலப்பது அவற்றுக்குத் தடை.

இங்கே கைக்கெட்டும் இன்னொரு பொருள் தென்னை நார்க்கழிவு. போச்சம்பள்ளி, பாரூர்ப் பக்கத்துக் கயிற்று ஆலைகளில் குவிந்து கிடக்கிறது. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். சரளைச் செம்மண்ணுக்கு இதைவிட நல்ல துணை கிடைப்பது அரிது. ஆனால் ஆலையிலிருந்து வந்தபடியே போடக் கூடாது. புது நார்க்கழிவில் கரிமச்சத்து தழைச்சத்தைப் போல் நூறு மடங்குக்கு மேல் இருக்கும். அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், இலை வெளுக்கும். கருமை ஏறி, உதிரியாக, மக்கியதைக் கேட்டு வாங்குங்கள். புதியதுதான் கிடைத்தால் சாணிக் கரைசல் தெளித்து, ஈரம் காயாமல், மாதம் ஒருமுறை புரட்டி ஆறு மாதம் குவித்து வையுங்கள். அதுவரை நடைபாதையில் பரப்பலாம்.

தண்ணீர்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்கு 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் தரும். ஒன்று தவறினால் இன்னொன்றை நம்பலாம் என்பது இந்த மண்ணுக்கு வாய்த்த நன்மை. ஐந்நூறு சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 460 லிட்டர் விழும். சேதாரம் போக இரண்டு டிரம் நிறையும். அது ஒரு வாரத் தோட்டத் தண்ணீர்.

டிரம் வாங்கும்போது கவனம் வேண்டும். ஆலைகளிலிருந்து வரும் பழைய டிரம்கள் மலிவாகக் கிடைக்கும். சாயம், அமிலம், கரைப்பான் வந்த டிரம்மை எத்தனை தடவை கழுவினாலும் காய்கறிக்கு ஆகாது. உணவுப் பொருள் வந்த டிரம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. அந்தக் காவிரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் வந்தது. பாத்திக்கு ஊற்றிவிட வேண்டாம். அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் சேருங்கள். ஒரு குடும்பத்தில் நாளுக்கு ஒரு குடமாவது தேறும். துணி துவைத்த சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு விடாதீர்கள். கல்வாழையும் வாழையும் வைத்த தனிக் குழிக்குத் திருப்புங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வாளியில் வெள்ளைப் படலம் விட்டால் அது கடின நீர். ஊற்றலாம், ஆனால் இலை மேல் தெளிக்காமல் வேரடியில் விடுங்கள். மழை கிடைக்கும்போதெல்லாம் மண்ணில் தங்கிய உப்பு கீழே இறங்கும்.

மூடாக்கு மறக்க வேண்டாம். காய்ந்த இலை, தென்னை மட்டைத் துண்டு, ராகித் தாள், கடலைப் பொட்டு எதுவானாலும் இரண்டு அங்குலக் கனத்துக்குச் செடியடியில் பரப்புங்கள். தண்டை ஒட்டாமல் நாலு விரல் இடம் விடுங்கள். வெயில் நேராக மண்ணில் படாவிட்டால் தண்ணீர்ச் செலவு கண்கூடாகக் குறையும்.

பட்டமும் உயரமும்

ஓசூர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போச்சம்பள்ளி ஏறக்குறைய அதில் பாதி உயரத்தில்தான். ஒரே மாவட்டம், ஒரே செம்மண் என்றாலும் வெக்கை வேறு. ஓசூர், தளிப் பக்கம் விளையும் முட்டைக்கோசையும் கேரட்டையும் பார்த்து இங்கே விதை வாங்கினால் மனம் சோர்ந்துவிடும். உங்கள் முதல் தோட்டத்துக்கு இந்த வெயிலைத் தாங்கும் நாட்டுக்காய்களே சரி.

ஆடி: வெண்டை, கொத்தவரை, பந்தல் அவரை, சுரை விதைப்பு, கத்தரி, மிளகாய் நாற்று நடவு. தொடங்க இதுதான் சிறந்த மாதம்.

புரட்டாசி, ஐப்பசி: மழை வலுக்கும் காலம். பாத்தி ஓரத்தில் வடிகால் வெட்டுங்கள். ஐப்பசிக் கடைசியில் தக்காளி நாற்று விடலாம்; கார்த்திகையில் நடலாம்.

மார்கழி, தை: அவரை பறிப்பு. முள்ளங்கி, கொத்தமல்லி, வெந்தயக்கீரை நன்றாக வரும்.

மாசி முதல் சித்திரை: கீரை, வெண்டை மட்டும். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை நிழல்வலை தேவைப்படும்.

அவரையைப் பற்றி ஒரு வார்த்தை. ராகிக் காட்டில் அவரை கலந்து விதைப்பதும், குளிர் மாதங்களில் பச்சை மொச்சையை ஊறவைத்துத் தோல் பிதுக்கிக் குழம்பு வைப்பதும் மாநில எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள வழக்கம். நாட்டு அவரை பகல் குறுகும் பருவத்தில்தான் பூவெடுக்கும். தையில் விதைத்தால் கொடி பந்தல் முழுக்க ஓடும், பூ வராது. ஆடியில் விதைத்து நாலு மாதம் பொறுத்திருங்கள்.

மூன்று பாத்தி

பத்தடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் மூன்று பாத்தி போடுங்கள். இடையில் ஒண்ணேகால் அடியில் இரண்டு நடைபாதை. எந்தப் பாத்தியிலும் கால் வைக்காமல் நடுவரை கை எட்டும். மிதிபடாத மண் இறுகாது. கிழக்கு மேற்காக நீளம் வையுங்கள்.

முதல் பாத்தி, கீரை: மூன்று துண்டாகப் பிரியுங்கள். சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரையைப் பத்து நாள் இடைவெளியில் விதையுங்கள். விதை மிகச் சிறியது; நாலு பங்கு மணல் கலந்து தூவி, மேலே எருத்தூள் லேசாகப் போட்டுப் பூவாளியால் நனையுங்கள். இருபத்தைந்து நாளில் சிறுகீரை கையில் வரும். புதிதாகத் தொடங்கியவருக்கு இந்த முதல் பறிப்பு சீக்கிரம் கிடைக்க வேண்டும். அதனால்தான் கீரை முதல் பாத்தி.

இரண்டாம் பாத்தி, வெண்டை: இரவு ஊறவைத்த விதையை ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு வரிசையாக, செடிக்குச் செடி ஓரடி விட்டு, குழிக்கு இரண்டாக ஊன்றுங்கள். முளைத்ததும் நோஞ்சானைக் கிள்ளிவிடுங்கள். இருபது செடி நிற்கும். நாற்பத்தைந்து நாளில் முதல் காய். அதன்பின் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். முற்ற விட்டால் செடி காய்ப்பதை நிறுத்திக்கொள்ளும்.

மூன்றாம் பாத்தி, கத்தரியும் மிளகாயும்: இரண்டு வரிசையில் குறுக்கு மறுக்காக எட்டுக் குழி. ஐந்து கத்தரி, மூன்று மிளகாய். மாலையில் நடுங்கள், மூன்று நாள் தென்னங்கீற்றால் நிழல் கொடுங்கள். நட்ட இரண்டு மாதத்தில் கத்தரி காய்க்கும்.

பந்தல் அவரையை வடக்கு வேலியோரம் இரண்டு குழியில் வையுங்கள். வடக்கே இருந்தால் மற்றப் பாத்திகளுக்கு நிழல் விழாது. முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி இவற்றை நூறு சதுர அடிக்கு வெளியே வையுங்கள்.

விதையும் நாற்றும்

வெண்டை, கொத்தவரை, அவரை, கீரை ஆகியவற்றுக்கு நாட்டு விதை தேடுங்கள். அடுத்த வருடத்துக்கு நீங்களே எடுத்து வைக்கலாம். வீரிய ஒட்டு ரகத்தின் விதையை எடுத்து முளைக்க வைத்தால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது. தக்காளியில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பிகேஎம் 1 போன்ற ரகங்கள் விதை எடுக்க ஏற்றவை. கடை விதை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் பூசணக்கொல்லி மருந்து பூசியது. குழந்தைக்கும் கோழிக்கும் எட்டாமல் வையுங்கள்.

2025 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தின் மூலம் வீட்டுத் தோட்டத்துக்குக் காய்கறி விதைத் தொகுப்பும் பழச்செடித் தொகுப்பும் வழங்கப்பட்டன. நடப்பு ஆண்டில் என்ன கிடைக்கிறது என்று தோட்டக்கலைத் துறையின் வட்டார அலுவலகத்தில் கேளுங்கள். சந்தையில் நாற்று வாங்குவதானால் ஒரு சாண் உயரத்துக்கு மேல் வளர்ந்ததையும் பூ விட்டதையும் தவிருங்கள். குட்டையாக, தண்டு தடித்ததே வேர் பிடிக்கும்.

பூச்சியும் ஆடு கோழியும்

மருந்துக்கு முன் கண் வேண்டும். தினமும் தண்ணீர் விடும்போது இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

கத்தரியில் நுனிக் கொழுந்து மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய பகுதிக்கு ஓரங்குலம் கீழே வெட்டி எரித்துவிடுங்கள். ஓட்டை விழுந்த காயையும் குப்பைக்குழியில் போடாதீர்கள்.

வெண்டை இலையில் நரம்பு மஞ்சளோடினால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். குணமாகாது. அந்தச் செடியைப் பிடுங்கி அகற்றினால் மற்றவை தப்பும்.

அவரைக் கொழுந்தில் அசுவினி மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். தீராவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலில் கலக்கி மாலையில் தெளியுங்கள். ஆனி, ஆடியில் உதிரும் வேப்பங்கொட்டையைப் பொறுக்கிக் காயவைத்தால் வருடம் முழுக்கக் கைகொடுக்கும்: பருப்பை இடித்து லிட்டருக்கு 50 கிராம் இரவில் ஊறவைத்து, வடிகட்டி, அன்றைக்கே தெளித்துவிட வேண்டும்.

ஆட்டுக்கும் கோழிக்கும் வேலிதான் மருந்து. நாலு மூலைக் குச்சி நட்டுப் பழைய சேலை கட்டினாலே ஆடு நுழையாது. காட்டில் இன்றும் கட்டுகிறார்கள். விதைத்த பதினைந்து நாளுக்குப் பாத்தி மேல் முள்குச்சி பரப்புங்கள், கோழி கிளறாது.

ஷிஃப்ட் போகும் வீட்டுக்கு

தினமும்: தண்ணீர், இலை பார்த்தல். காலை ஷிஃப்ட் வாரத்தில் மாலையிலும், இரவு ஷிஃப்ட் வாரத்தில் வீடு திரும்பியதும் ஊற்றலாம். வேரடியில் ஊற்றினால் எந்த வேளையும் கெடுதல் இல்லை. உச்சி வெயிலை மட்டும் தவிருங்கள்.

வாரம் ஒருமுறை: களைக்கொத்தால் அரைமணி நேரம் களையெடுப்பு. களை பூப்பதற்கு முன் எடுத்தால் அதையே மூடாக்காக்கலாம்.

மாதம் இருமுறை: 300 மில்லி பஞ்சகவ்யத்தைப் பத்து லிட்டர் தண்ணீரில் கலந்து செடிக்கு விடுங்கள், அல்லது செடிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள்.

வேலைகளை வீட்டில் பிரித்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவி இருவருமே ஆலைக்குப் போகும் வீட்டில் மாமியார் ஒருவர் தலையில் எல்லாம் விழுந்தால் அந்தத் தோட்டம் நிலைக்காது. பாத்திக்கு ஒருவர் பொறுப்பு என்று வைப்பது நல்லது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குக் கீரைப் பாத்தியைக் கொடுங்கள்.

எப்போது விரிவாக்கலாம்?

தை முடிவில் ஒரு நோட்டில் நாலு விஷயம் எழுதுங்கள்: எதை எப்போது விதைத்தீர்கள், எதை எப்போது பறித்தீர்கள், எங்கே நிழல் விழுந்தது, எந்த வாரம் தண்ணீர் தட்டியது. அடுத்த ஆடிக்கு இதைவிட நம்பகமான வழிகாட்டி கிடையாது. உங்கள் வீட்டு மண்ணைப் பற்றி வேறு எவராலும் எழுதித் தர முடியாது.

பிறகு ஒரு கை மண்ணை அள்ளிப் பாருங்கள். தொடங்கியபோது இருந்ததைவிடக் கருமை ஏறியிருக்கிறதா? பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உதிர்கிறதா? கொத்தினால் மண்புழு தெரிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் இன்னொரு பத்துக்குப் பத்துக்குக் கயிறு கட்டலாம். இல்லையென்றால் இடத்தைக் கூட்டாதீர்கள். அதே பாத்தியில் இன்னொரு பசுந்தாள், இன்னொரு சாக்கு எரு போட்டு, கத்தரி இருந்த இடத்தில் கொத்தவரையும் வெண்டை இருந்த இடத்தில் கீரையுமாகப் பயிரை மாற்றி, ஒரு பருவம் பொறுங்கள். எடுத்து வைத்த வெண்டை விதையில் பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். ஒரு தெருவில் நாலு வீட்டில் அதே விதை இருந்தால், ஒரு வருடம் ஒருவருக்குப் பொய்த்தாலும் விதை அற்றுப் போகாது.